செப்டிமியுவின் பதினேழு நாட்கள்

ஜனவரி 8, திங்கள்

கால்பந்து கிளப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. இன்னும் நிரந்தரம் ஆக்கவில்லை. சீசன் முடியட்டும், பார்க்கலாம் என்கிறார்கள். அடையாள அட்டையில் ‘ததேயு, பிசியோதெரபிஸ்ட்’ என்று இருக்கிறது. இன்று செய்த வேலை: இருபத்தாறு பேரின் கணுக்காலுக்கு டேப் சுற்றினேன், ஐஸ் பெட்டிகளை வேனில் ஏற்றினேன், வாஷிங் மெஷின் பழுதானதால் பயிற்சி ஜெர்சிகளை வாளியில் ஊறவைத்து அலசினேன்.

கடைசியாக வந்து படுத்தவர் எங்கள் கேப்டன் செப்டிமியு. ருமேனியாக்காரர். டிஃபென்டர், கோல் விழாமல் தடுத்து ஆடுபவர். முப்பத்தைந்து வயது. ஆறடி மூன்று அங்குலம் என்பதால் மசாஜ் கட்டிலில் படுத்தால் பாதம் இரண்டும் வெளியே நிற்கும். கால் நீவும்போது ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். இன்று ஊர்க்கதை. நிலக்கரிச் சுரங்க ஊர். அப்பாவுக்கும் சுரங்கத்தில்தான் வேலை. பதினாலு வயதில் ஊர் கிளப்பில் சேரப் போனபோது கோச் பந்தை வானத்துக்கு உதைத்து, தலையால் முட்டச் சொன்னாராம்.

“மத்தவங்க எல்லாம் கண்ணை மூடிட்டாங்க ததே. நான் மூடல. நீ டிஃபென்டர்னு அந்த இடத்துலயே சொல்லிட்டார்.”

அதன் பிறகு இருபத்தோரு வருஷம், மூன்று நாடு, ஆறு கிளப். தேசிய அணிக்கு ஒரே ஒரு ஆட்டம், அதுவும் கடைசி ஏழு நிமிடம். “பந்து ரெண்டு தடவைதான் என்கிட்ட வந்துச்சு. ரெண்டு தடவையும் சரியான ஆளுக்குத்தான் குடுத்தேன்” என்றார். பதக்கம் வாங்கியவர் மாதிரி இருந்தது அதைச் சொன்ன விதம்.

ஜனவரி 13, சனி

இன்றைக்கு என் வேலை போயிருக்க வேண்டும்.

விங்கில் ஆடும் லால்ரெமா தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தசைப்பிடிப்பு என்று நினைத்து ஸ்ப்ரே அடித்து அனுப்பினேன். நாலு நிமிடத்தில் தசை கிழிந்து விழுந்தான். ஆறு வாரம் ஆட முடியாது. டிரெஸ்ஸிங் ரூமில் கோச் மென்டோன்சா எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் கோவாக்காரர், கோபம் வந்தால் சத்தம் ஏறாது, இறங்கும். “இவனை மைதானத்துக்குள்ள யார் விட்டது?” என்று என்னைக் காட்டி மெதுவாகக் கேட்டார்.

செப்டிமியு ஷூ லேஸைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “ததே லால்ரெமாவை வெளியே எடுக்கணும்னுதான் சொன்னான். நான்தான் வேண்டாம்னு தடுத்தேன். கேப்டன் நான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க.”

முழுப் பொய். நான் அப்படிச் சொல்லவே இல்லை. பஸ்ஸில் நன்றி சொல்லப் போனேன். அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

ஜனவரி 21, ஞாயிறு

கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மூன்று வேளையும் மெஸ்.

ஜனவரி 29, திங்கள்

செப்டி இன்று ஒரு செய்தி சொன்னார். ஜூலையில் ஊருக்கே போகிறார். அவர் தொடங்கிய அதே கிளப். இப்போது மூன்றாம் டிவிஷனில் கிடக்கிறது. ஒரு சீசன் ஆடவேண்டும், அதன் பிறகு சின்னப் பசங்களுக்கு கோச். மனைவி இலிங்கா அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் டீச்சர். மகளுக்கு எட்டு வயது.

“அவ பொறந்ததுலேருந்து நான் வீட்ல இருந்த நாளை எல்லாம் சேர்த்தா ஒன்றரை வருஷம்கூட வராது” என்றார். “ஒரே ஒரு கண்டிஷன். இந்த சீசனை முழுசா முடிக்கணும், மெடிக்கல் ரிப்போர்ட்ல ஒரு கறை இருக்கக் கூடாது. முப்பத்தாறு வயசுக்காரனை எடுக்க அவங்களுக்கும் பயம் இருக்கும்ல?”

முழங்கால் இரண்டும் நன்றாக இருக்கின்றன என்று நான் சொன்னேன். “முழங்கால் பத்தி எனக்குக் கவலை இல்ல” என்றார்.

பிப்ரவரி 4, ஞாயிறு. கொச்சி

1-1 டிரா. எழுபத்தோராவது நிமிடம் கார்னர் கிக். செப்டியும் அவர்கள் ஸ்ட்ரைக்கரும் ஒரே பந்துக்கு எகிறினார்கள். தலையும் தலையும் மோதிய சத்தம் பெஞ்ச் வரைக்கும் கேட்டது. ஓடினேன். கண் திறந்துதான் இருந்தது.

“செப்டி, நாம எங்க இருக்கோம்?”

“லார்னகா” என்றார்.

அது சைப்ரஸில் இருக்கிறது. இங்கே வருவதற்கு முன்னால் அவர் ஆடிய ஊர். நான் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்துச் சிரித்தார். “கொச்சி, கொச்சி. சும்மா சொன்னேன்.” எந்த நேரத்திலும் ஜோக் அடிக்கிற ஆள். எழுந்து நின்றார், நடந்தார். பெஞ்சைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன். மீதி ஆட்டம் முழுக்க ஆடினார்.

ஏர்போர்ட்டில் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். மதியம் சாப்பிட்ட மீன் சரியில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

தலையில் அடிபட்டவர்களுக்கு ஒரு பரிசோதனைத் தாள் உண்டு. ஐந்து சொற்களைப் படித்துக்காட்டிப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்கவேண்டும். மாதங்களைக் கடைசியிலிருந்து சொல்லவைக்கவேண்டும். ஒற்றைக்காலில் நிற்கவைக்கவேண்டும். நான் எழுதித் தருவேன், டீம் டாக்டர் ஹசீனா மேடம் கையெழுத்துப் போடுவார்.

செப்டி வந்து உட்கார்ந்தார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லால்ரெமா விஷயத்தை எடுக்கவில்லை. “ஜூலை” என்று மட்டும் சொன்னார்.

ஐஸ் எடுக்கவேண்டியிருந்தது. தாளை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனேன். டிரேயில் ஐஸ் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

ஐந்துக்கு ஐந்து சொன்னார். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். எல்லாம் நார்மல்.

பிப்ரவரி 9, வெள்ளி

வெயில் அதிகம். செப்டி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வந்தார். கோச் கேட்டதற்குக் கண்வலி என்று நான் சொன்னேன். டீயில் சர்க்கரை போட்டார், கலக்கினார், திரும்பவும் போட்டார், திரும்பவும் போட்டார். முகம் சுளிக்காமல் குடித்து முடித்தார். களைப்பு.

பிப்ரவரி 12, திங்கள்

தெரியாத நம்பரிலிருந்து வாட்ஸ்அப் கால். இலிங்கா. இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிறார்.

“நீங்கதானே ததே? உங்க பேரைத்தான் அவர் அடிக்கடி சொல்வார். ஒண்ணு கேக்கணும். அவர் லைட்டை அணைச்சுட்டே உட்கார்ந்திருக்காரா? மக கூட பேசும்போது போனைத் திருப்பி வெச்சுக்கறார். அவ பேரை ரெண்டு தடவை மாத்திச் சொன்னார்.”

“கொஞ்சம் டயர்டா இருக்கார் மேடம்.”

“சைப்ரஸ்ல ரெண்டாவது தடவை அடிபட்டப்பவும் இப்படித்தான் இருந்தார்.”

“ரெண்டாவது தடவையா?”

எனக்குத் தெரியாது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு சொன்னார். சைப்ரஸில் ஒரே வருஷத்தில் இரண்டு முறை மோதி நினைவு தப்பியிருக்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், இனி பந்து ஆடவே கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் காகிதத்தைச் செப்டி கிழித்துப் போட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறார். வேறு வேலை எதுவும் தெரியாது என்றாராம்.

“நான் எத்தனையோ சொல்லிப் பார்த்துட்டேன். என் பேச்சைக் கேக்க மாட்டார். நீங்க உங்க டாக்டர்கிட்ட சொல்லுவீங்கதானே?”

“நான் பார்த்துக்கறேன் மேடம்” என்றேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

ஹசீனா மேடம் இன்று வரவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

மேடம் வந்தார். அறையில் இரண்டு பேர் இருந்தார்கள், தனியாகப் பேச முடியவில்லை. வண்டி பஞ்சர்.

பிப்ரவரி 16, வெள்ளி

செப்டியிடமே கேட்டுவிட்டேன். இலிங்கா போன் பண்ணியதைச் சொன்னேன். கட்டிலில் குப்புறப் படுத்திருந்தவர் எழுந்திருக்கவில்லை.

“டாக்டர்கிட்ட சொல்லப் போறியா?”

“சொல்லணும் செப்டி.”

“இன்னும் ஒரு மேட்ச். ஜெயிச்சா அரையிறுதி. தோத்தா வீட்டுக்கு. எப்படியும் முடியப் போகுது. அது வரைக்கும் நான் தலையால முட்டல, போதுமா? காலால மட்டும் ஆடறேன்.”

டிஃபென்டர் தலையால் முட்டாமல் ஆடுவாராம். எனக்கே சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு, “ததே, நான் போய் நிக்க வேற இடம் எதுவும் இல்லடா” என்றார். முதுகு குலுங்கியது. நான் நீவிக்கொண்டே இருந்தேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

அம்மா போன். “மக்கா, கொரலு ஏன் இப்பிடி கெடக்கு? கண்ணுல ஒறக்கமே இல்லியா?” என்றாள். ஜலதோஷம் என்றேன்.

பயிற்சியில் செப்டி இடது ஷூவை வலது காலில் மாட்டிக்கொண்டு மைதானம் வரைக்கும் வந்துவிட்டார். நான்தான் பார்த்தேன். உட்காரவைத்து மாற்றிவிட்டேன். வேறு யாரும் கவனிக்கவில்லை.

யாரும் கவனிக்கவில்லை என்று எழுதும்போது நிம்மதியாக இருக்கிறது. இது என்ன நிம்மதி?

பிப்ரவரி 20, செவ்வாய்

நாளை காலை மேடத்திடம் சொல்லிவிடுவேன்.

பிப்ரவரி 22, வியாழன். ஆஸ்பத்திரி வராந்தா

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று காலை மேடம் லிஸ்ட்டை வைத்துக்கொண்டு, “எல்லாரும் ஃபிட்டா ததேயு?” என்று கேட்டார். வாயைத் திறந்தேன். “எல்லாரும் ஃபிட் மேடம்” என்றுதான் வந்தது.

ஆட்டத்தில் முப்பத்தெட்டாவது நிமிடம் எங்களுக்கு கார்னர். தலையால் முட்ட மாட்டேன் என்று சொன்னவர் எல்லாரையும் விட உயரமாக எகிறி முட்டினார். கோல். ஸ்டேடியமே எழுந்து நின்றது. கீழே வந்தவர் கையைத் தூக்கவில்லை, ஓடவில்லை. பசங்கள் அவர் மேல் ஏறி விழுந்தார்கள்.

இடைவேளையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஸ்கோர் என்ன?”

“ஒண்ணு ஜீரோ. நாமதான் முன்னாடி.”

“நல்லது. யார் போட்டது?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஜோக் இல்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். அவர் லேஸ் அவிழ்ந்திருந்தது. குனிந்து கட்டிவிட்டேன். கட்டிவிட்டேன்! அந்த நேரத்தில் செய்யவேண்டியது அதுவா? கட்டி, தோளைத் தட்டி, அவரைத் திரும்ப வெளியே அனுப்பினேன்.

ஐம்பத்திரண்டாவது நிமிடம். பந்து அவரைத் தாண்டிப் போயிற்று. அவர் அசையவில்லை. எங்கள் கோல்போஸ்ட்டைப் பார்த்து நின்றுகொண்டு, கீழே எதையோ தொலைத்தவர் மாதிரி புல்லில் தேடினார். ரெஃப்ரி கூப்பிடும் வரைக்கும் நான் காத்திருக்கவில்லை. உள்ளே ஓடினேன்.

“செப்டி, வெளியே வாங்க.”

“போ.”

“வாங்க செப்டி. போதும்.”

என் சட்டையைப் பிடித்தார். ஒரு கண்ணின் கண்மணி பெரிதாகவும் மற்றதன் கண்மணி சின்னதாகவும் இருந்தது. “ஜூலை” என்றார். “ததே, ஜூலை.”

பெஞ்சைப் பார்த்து இரண்டு கைகளையும் சுழற்றினேன், ஆளை மாற்றுங்கள் என்று. மென்டோன்சா கோட்டருகே வந்து, “முதல்ல செக் பண்ணு, அப்புறம் சொல்லு” என்று கத்தினார். அவர் கத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“செக் பண்ண ஒண்ணும் இல்ல கோச். எனக்குப் பதினேழு நாளா தெரியும்.”

செப்டி என்னை நெஞ்சில் தள்ளினார். விழுந்தேன். அவர் எதிர் அணியின் பெஞ்சை நோக்கி நடந்தார். யாரோ தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போகும் சுரங்கப்பாதை வாசலில் முழங்கால் மடங்கி, பக்கவாட்டில் சாய்ந்தார். அதன் பிறகு பேசவில்லை.

மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கட்டியிருக்கிறது. திறந்து எடுத்திருக்கிறார்கள். உயிர் இருக்கிறது. அதற்கு மேல் டாக்டர்கள் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஆட்டத்தில் தோற்றுவிட்டோம்.

பிப்ரவரி 23, வெள்ளி

கிளப் மேனேஜர் வந்தார். “எதிர்பாராத விபத்துன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க தம்பி. உங்களுக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது.”

எழுத உட்கார்ந்தேன். நாலு பக்கம் ஆயிற்று. கொச்சி, லார்னகா, சர்க்கரை, இலிங்காவின் போன், ஷூ, லேஸ். டிரேயில் ஐஸ் ஒட்டவே இல்லை, அவர் தாளைப் படிப்பதற்காகத்தான் அடுத்த அறையில் நின்றேன் என்பதையும் எழுதினேன்.

ஹசீனா மேடத்திடம் கொடுத்தேன். நின்றுகொண்டே கடைசி வரைக்கும் படித்தார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ததேயு” என்றார். கொஞ்சம் கழித்து, “நானும் தாளைத்தான் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். ஆளைக் கூப்பிட்டு உட்காரவெச்சுப் பார்க்கல” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரும் கீழே எதையோ எழுதிக் கையெழுத்திட்டார்.

பிப்ரவரி 25, ஞாயிறு

இலிங்கா வந்துவிட்டார். சின்ன உருவம், நரைத்த முடி, ஒரே ஒரு பை. ஐ.சி.யு. வாசலில் நின்றேன். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். என் அடையாள அட்டையில் பெயரைப் படித்தார்.

“பார்த்துக்கறேன்னு சொன்னீங்க” என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

பிப்ரவரி 27, செவ்வாய்

வேலையிலிருந்து நீக்கிய கடிதம் வந்தது. விசாரணை இருக்கும், அது முடியும் வரைக்கும் எங்கேயும் பிசியோவாக வேலை பார்க்கக் கூடாது. அம்மா அழுதாள். “வீட்டுக்கு வந்துரு மக்கா, இங்க கடலு இருக்கு, மீனுக்குப் போவ வள்ளம் இருக்கு” என்றாள். இப்போது வர முடியாது என்றேன்.

மார்ச் 3, ஞாயிறு

நர்ஸ்கள் தமிழில் சொல்வது இலிங்காவுக்குப் புரியவில்லை, இலிங்கா இங்கிலீஷில் கேட்பது அவர்களுக்குப் புரியவில்லை. என்னைப் பிடிக்காவிட்டாலும் வரச் சொன்னார். மருந்து வாங்கினேன், துணி துவைத்துக் கொடுத்தேன், கேன்டீனில் மிளகு போடாமல் சூப் கேட்டுச் சண்டை போட்டேன். செப்டி கண் திறந்தார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 11, திங்கள்

பேசுகிறார். ருமேனிய மொழியில் கொஞ்சம், இங்கிலீஷில் கொஞ்சம். சுரங்க ஊர், அப்பா, அந்த ஏழு நிமிட ஆட்டம் எல்லாம் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது. மகளின் பெயரைச் சரியாகச் சொன்னார். புதிதாக எதுவும்தான் நிற்பதில்லை. காலையில் சொன்னது மதியம் இல்லை. சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்கிறார்கள். பந்து என்ற பேச்சே இனி இல்லை. ஊர் கிளப் இலிங்காவுக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் அனுப்பியிருக்கிறது.

மார்ச் 14, வியாழன்

என்னைப் பார்த்ததும் கேட்டார்: “ததே, அந்த மேட்ச்ல என்னை ஏன் வெளியே எடுத்தாங்க?”

இலிங்கா ஜன்னலருகே துணி மடித்துக்கொண்டிருந்தார். கை நின்றது. நான் என்ன சொன்னாலும் அவருக்கு அதுதான் உண்மை.

“நான்தான் எடுத்தேன் செப்டி. பதினேழு நாள் முன்னாடியே எடுத்திருக்கணும். உங்க தலையில அடிபட்டது எனக்குத் தெரியும். மறைச்சேன்.”

நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். “பதினேழு நாள் லேட்டா வந்து காலைத் தட்டிவிட்ட டாக்கிளா? அதுக்கு ரெட் கார்டு.”

“குடுத்துட்டாங்க” என்றேன்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 15, வெள்ளி

“ததே, என்னை ஏன் வெளியே எடுத்தாங்க?”

அதே பதிலைச் சொன்னேன். டம்ளரைத் தூக்கி எறிந்தார். சுவரில் பட்டு உடைந்தது. போ, போ என்று கத்தினார். கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன்.

மார்ச் 16, சனி

அதே கேள்வி. அதே பதில். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 19, செவ்வாய்

கேட்டார், சொன்னேன். “சரி. ஜூலைக்குள்ள சரியாயிடும்ல?” என்றார்.

மார்ச் 26, செவ்வாய்

நாளை கிளம்புகிறார்கள். விமானத்தில் போகலாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். செப்டி தூங்கியதும் இலிங்கா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“அங்க போயும் கேப்பார். நான் என்ன சொல்ல?”

“உள்ளதைச் சொல்லுங்க. என் பேரைச் சொல்லியே சொல்லுங்க.”

“என்னால தினமும் சொல்ல முடியாது ததே.” முதல் முறையாக என்னை அப்படிக் கூப்பிட்டார். “நீ எழுதிக் குடு. கீழே எங்க மொழியில நான் எழுதிக்கறேன்.”

ஒரு முழுத்தாளில், இங்கிலீஷில், பெரிய எழுத்தில் எழுதினேன். பிப்ரவரி 4 உங்கள் தலையில் அடிபட்டது. எனக்குத் தெரிந்திருந்தது. உங்கள் மனைவி என்னை எச்சரித்தார். டாக்டரிடம் மறைத்துப் பதினேழு நாள் உங்களை ஆடவிட்டேன். 21ஆம் தேதி ஐம்பத்திரண்டாவது நிமிடம் உங்களை வெளியே எடுத்தது நான். ததேயு.

இலிங்கா இரண்டு முறை படித்தார். “ஒண்ணு விட்டுப்போச்சு” என்றார்.

“என்ன?”

“மறைக்கச் சொன்னது அவர். அதையும் எழுது. உண்மைன்னா முழுசா இருக்கட்டும்.”

‘மறைக்கச் சொன்னவர் நீங்கள்’ என்று என் பெயருக்கு மேலே இருந்த இடத்தில் எழுதினேன். இலிங்கா தாளை நாலாக மடித்து, பாஸ்போர்ட்டுக்குள் வைத்து, பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

நாளை முதல் தினமும் காலையில் அதைச் செப்டி படிப்பார். தினமும் அவருக்கு அது முதல் தடவையாக இருக்கும்.